கண்டல் மண்ணிலும் தேரி மணலிலும் வாழும் வேர்ப் பூசணம்

பூசணம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் விவசாயி மருந்துக் குப்பியைத் தேடுவது இயல்பு. நெல்லின் குலைநோயும், சோளத்தின் கரிப்பூட்டையும், நிலக்கடலையின் இலைப்புள்ளியும், பனையின் குருத்தழுகலும் பூசணத்தால் வருபவையென்று இலாகாவைச் சேர்ந்த நாங்கள் ஊர்தோறும் சொல்லி வந்திருக்கிறோம். நானும் இருபது வருஷகாலமாய் அவ்வாறே சொல்லி வந்தவன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் விஷயத்தில் ஒரு பாதியையே சொன்னோம். பயிரைக் கெடுக்கும் பூசணங்கள் சிலவே. பயிரின் வேருக்குள் குடியிருந்துகொண்டு அதற்கு உணவு தேடிக் கொடுக்கும் பூசணங்கள் நம்முடைய ஒவ்வொரு வயலிலும், ஒவ்வொரு தோப்பிலும் இருக்கின்றன. அவற்றைப்பற்றிச் சொல்லாமல் விட்டதன் பலனை நானே குலசேகரன்பட்டினத்தில் அனுபவிக்க நேர்ந்தது. அதனை மறைப்பதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

குலசேகரன்பட்டினத்தை அறியாதார் இல்லை. பாண்டியன் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம். புரட்டாசியில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டி வருவோர் கூட்டத்தில் வண்டி நகர இடமிராது. 2024ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டதும் இவ்விடத்திலேயே. ஆனால் விவசாயிக்கு இவ்வூர்ப் பக்கத்தின் முக்கியமான விஷயம் தேரி. கடற்கரைக்கு உட்புறமாய்ச் சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பக்கங்களில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள் ஆனி முதல் ஆவணி வரையில் அடிக்கும் மேல்காற்றில் இடம்பெயர்கின்றன. இன்றைக்கு வேலியாயிருப்பது நாளைக்கு மணலுக்குள் போய்விடும். பனையும் உடைமரமும் நிற்குமிடத்தில் மட்டுமே மணல் அடங்கிக் கிடக்கிறது.

ஊருக்கு மேற்கே தேரியின் ஓரத்தில் சுமார் மூன்று ஏக்கர் நிலமுள்ள ஒருவர், மணல் தமது முருங்கைத் தோட்டத்துக்குள் வருகிறதென்றும், ஓரத்தில் முந்திரி வைத்துத் தடுக்கலாமா என்றும் என்னிடம் யோசனை கேட்டார். நான் படித்த முறைப்படி விளக்கமாகவே சொன்னேன். நாற்றழுகல் வராதிருக்கும்பொருட்டு நாற்றங்கால் மண்ணைச் சலித்து, பார்மலின் ஊற்றி, மூடிவைத்துச் சுத்தம் செய்யவேண்டும். பிறகு சூப்பர் பாஸ்பேட்டைத் தாராளமாய்க் கலந்து பைகளில் நிரப்பவேண்டும் என்றேன். அவரும் அட்சரம் பிசகாமல் அப்படியே செய்தார். கன்றுகள் கரும்பச்சையாய் எழும்பின. கார்த்திகை மழையில் நட்டோம். தை, மாசி வரையில் குறையொன்றுமில்லை. மேல்காற்று தொடங்கியது, ஆடி முடிவதற்குள் நட்டதில் பெரும்பாலும் காய்ந்து குச்சியாய் நின்றது.

அதே வரிசையின் தென்கோடியில் சில கன்றுகள் மட்டும் உயிரோடு இருந்தன. அவற்றின் இலை சிறியது. நிறமும் அவ்வளவு இல்லை. ஆனால் பிடுங்கிப் பார்த்தால் வரமாட்டேனென்று பிடித்துக்கொண்டிருந்தன. விசாரித்தபோது, “அது எங்க மதினி வெச்சது, ஐயா, பை தீர்ந்துபோச்சுன்னு ஓட்டைச் சட்டியிலே போட்டு வளத்தாவ” என்றார் நிலக்காரர். அந்த அம்மாளிடமே போய்க் கேட்டேன். பழைய முந்திரி மரத்தடியிலிருந்தும் உடைமரத்தடியிலிருந்தும் மண்ணை அள்ளிச் சட்டியில் போட்டதாகவும், வேறொன்றும் செய்யவில்லையென்றும் சொன்னார்கள். “அந்த மண்ணுல வெச்சாத்தான் பிடிக்கும்னு எங்க அம்மா சொல்லுவாவ” என்பதே அவர்கள் கூறிய காரணம்.

இஃதொன்றையே சாட்சியாகக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது என்பது எனக்குத் தெரியும். தென்கோடியில் காற்று சற்றுக் குறைவாயிருந்திருக்கலாம்; அந்த அம்மாள் மாலையில் ஒரு குடம் தண்ணீர் அதிகமாய் ஊற்றியிருக்கவும் கூடும். ஆகவே வேரையே பார்த்துவிடுவதென்று தீர்மானித்தேன். இருபக்கத்துக் கன்றுகளிலிருந்தும் மெல்லிய வேர்களை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடமொன்றில் நுண்ணோக்கியை இரவலாய்க் கேட்டு வாங்கினேன். இப்பரீக்ஷைக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டியதில்லை. வேரைக் கழுவி, காரப் பொட்டாஷ் கரைசலில் கொதிக்கவைத்து நிறம் போக்கி, நன்றாய் அலசி, வினிகரில் நூற்றுக்கு ஐந்து பங்கு பேனா மை கலந்து அதில் மூன்று நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும். வேர் வெளிறிப்போக, அதனுள்ளிருக்கும் பூசணம் மட்டும் மையின் நிறம் ஏறி நிற்கும். இந்த எளிய முறையை 1998ஆம் வருஷம் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1970 முதல் டிரிபன் புளூ என்ற சாயமே வழக்கத்திலிருந்தது. அது உடம்புக்கு ஆகாதது.

சட்டிக் கன்றின் வேரில் நீல நூல்கள் நெசவுபோல் ஓடின. இடையிடையே உருண்டையான பைகளும், வேரின் உயிரணுக்களுக்குள் சிறு மரம் கிளைத்தாற்போன்ற உருவங்களும் தெரிந்தன. என் யோசனைப்படி வளர்த்ததில் பிழைத்திருந்த இரண்டொரு கன்றின் வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நூல் காணப்பட்டதேயன்றி வேறில்லை. நிலக்காரர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாயிருந்திருக்கும்.

இனி இப்பூசணம் செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். மணிச்சத்து மண்ணில் தானாக நகர்ந்து வருவதில்லை. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்திலுள்ள மணிச்சத்தை உறிஞ்சியபின், அதற்கப்பால் எவ்வளவு இருந்தாலும் எட்டாது. தேரி மணலின் சிவப்புக்குக் காரணமான இரும்புத் துரு மணிச்சத்தைப் பிடித்துக்கொள்வதால் கஷ்டம் இரட்டிப்பாகிறது. பூசணமோ வேர்த்தூவியைக் காட்டிலும் மெல்லிய இழைகளைப் பல சென்டிமீட்டர் தூரம் மணலுக்குள் செலுத்தி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் செம்பையும் ஓரளவு ஈரத்தையும் இழுத்து வந்து, மேலே சொன்ன மர உருவான கிளைகளின் வழியாய்ச் செடியிடம் ஒப்புவிக்கிறது. இதற்குச் செடி கொடுக்கும் கூலி சர்க்கரை. தான் வெயிலில் செய்துகொண்டதில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரையில் கொடுப்பதாய்க் கணக்கிடப்பட்டிருக்கிறது. சர்க்கரை மட்டுமன்றிக் கொழுப்பும் கொடுக்கிறதென்பது 2017ஆம் வருஷத்தில் நிரூபணமாயிற்று. இக்கூட்டுறவு புதிதன்று, ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும், 40 கோடி வருஷங்களுக்கு முற்பட்ட செடிகளின் உள்ளேயும் இதே மர உருவங்கள் காணப்படுகின்றன. நிலத்தில் வளரும் செடியினங்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாதவை இப்பூசணத்தோடு வாழ்பவை. முந்திரி, முருங்கை, வாழை, தென்னை, பனை, மிளகாய், வெங்காயம், பருத்தி, உளுந்து எல்லாம் இதில் சேர்ந்தவை. கடுகும் கோசும் முள்ளங்கியும் சேராதவை.

சூப்பர் பாஸ்பேட் தாராளமாய்க் கிடைக்கும்போது செடி இந்தக் கூலிக்காரனை வைத்துக்கொள்ளுவதில்லை. பார்மலினோ, அவனை வருவதற்கு முன்பே கொன்றுவிட்டது. ஆகவே என் முந்திரிக் கன்றுகள் பைக்குள் கொழுத்து வளர்ந்தன. சோறு போடுவோர் இல்லாத தேரிக்குப் போனதும் அவற்றுக்குச் சம்பாதிக்கத் தெரியவில்லை.

வேர்ப் பூசணத்துக்கு முதன்முதல் தனிப்பெயர் கொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிராங்க் என்பவர், வருஷம் 1885. ஆனால் நம் நாட்டு விவசாய இலாகாக்களுக்கு நெருங்கியவர் பட்லர். அவர் பீகாரிலுள்ள பூசாவில் இந்திய சர்க்காரின் பூசண நிபுணராயிருந்தவர். கோதாவரிப் பகுதியில் பனைகளைக் கூட்டங்கூட்டமாய் அழித்த குருத்தழுகலை ஆராய்ந்து, அதனை உண்டாக்கும் உயிருக்கு 1907இல் பெயரிட்டவர் அவரே. இன்றைய சாஸ்திரக்ஞர் அவ்வுயிரை மெய்யான பூசண வகுப்பில் வைப்பதில்லை. பழுப்பு நிறக் கடற்பாசிகளுக்கு உறவாக வைக்கிறார்கள். அதே பட்லர் 1939இல், இங்கிலாந்துக்குத் திரும்பியபின், செடிகளின் வேருக்குள் தீங்கின்றி வாழும் இந்த உட்பூசணங்களைப்பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார். பனையைக் கொல்லும் உயிரையும் பனைக்கு உணவூட்டும் பூசண வகையையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்க, நமது பிரசாரத்தில் முன்னதற்கே இடம் கிடைத்தது.

தேரியை விட்டுக் கடலோரச் சேற்றுக்கு வருவோம். கண்டல் காட்டைப் பார்க்க விரும்புவோர் திருச்செந்தூருக்கும் வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், பழையகாயல் பக்கம் போகவேண்டும். 2021ஆம் வருஷத்து இந்திய வன அறிக்கைப்படி நாடு முழுவதிலும் கண்டல் காடு 4,992 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 45 மட்டுமே. பெரும்பகுதி பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இருக்கிறது. நம் ஜில்லாவினது ஓடைக் கரைகளை ஒட்டிய சிறு துண்டுகள். அவற்றில் நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல். சுற்றிலும் உப்பளங்கள். இத்துண்டுகளைக் கண்டு “இது வெறும் தரிசு, விறகுக்குத்தான் ஆகும்” என்று கிராம அதிகாரி ஒருவர் என்னிடம் கூறியதனாலேயே இக்கட்டுரையின் பிற்பகுதியை எழுதலானேன்.

கண்டல் அடியில் கையைவிட்டு ஒரு பிடி சேற்றை எடுத்தால் மேலே பழுப்பும், விரலளவு கீழே கறுப்புமாயிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும். அங்கே காற்று கிடையாது. கடல் நீரிலுள்ள கந்தகச் சத்தைக்கொண்டு மூச்சு விடும் பாக்டீரியாக்களே அந்த நாற்றத்துக்குக் காரணம். வெண்கண்டல் தன் வேரிலிருந்து பென்சில் நட்டாற்போல மேல்நோக்கி மூச்சுவேர்களை எழுப்பி அவற்றின் வழியே காற்றைக் கீழே இறக்குகிறது. அக்காற்றில் சிறிது வேரிலிருந்து கசிவதால் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய உறைபோல் மூச்சுவிடக்கூடிய மண் அமைகிறது. கறுப்புச் சேற்றுக்குள் பூசணம் குடியிருக்கக்கூடிய இடம் அவ்வுறையே. மற்றவை மேற்பரப்பிலும், விழுந்த இலையிலும், கட்டையிலும் வாழ்கின்றன.

உப்பிலும் அலையிலும் வாழும் இப்பூசணங்களை உலகத்தார் கவனிக்கத் தொடங்கியது பிந்தியே. ஆஸ்திரேலியாவில் கிரிப் தம்பதிகள் 1955இல் கண்டல் வேர்க்கட்டைகளிலிருந்து சிலவற்றை எடுத்து வெளியிட்டார்கள். பின்னர் கோல்மேயர் என்பவர் பல கடல்களில் தேடி எழுதினார். இன்று கடலில் வாழும் பூசண இனங்கள் ஆயிரத்துக்கு மேல் தெரிந்திருக்கின்றன; அவற்றில் பெரிய பங்கு கண்டல் கட்டைகளில் கிடைத்தவை. இவற்றிற் சிலவற்றின் விதைத்துகளுக்கு வால்போன்ற உறுப்பு உண்டு. நீர் பட்டவுடன் அது நூலாய் அவிழ்ந்து, மிதந்து போகும் வழியில் ஏதாவது கட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பொழுதுக்கு இருமுறை அலை ஏறி இறங்கும் இடத்தில் இப்படிப் பிடித்துக்கொள்ளாதவனுக்குப் பிழைப்பில்லை.

கண்டல் இலை விழுந்தவுடன் நடப்பதை நம் எருக்குழியோடு ஒப்பிடலாம். இலையில் துவர்ப்புச் சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. நண்டும் இறாலும் பச்சையாய் அதை அதிகம் விரும்புவதில்லை. முதலில் வருபவை, முன் சொன்ன குருத்தழுகல் உயிருக்குக் கடலோர உறவினர்கள். விழுந்த ஓரிரு நாளுக்குள் இலைக்குள் புகுந்துவிடுகின்றன. பின்னர் மெய்ப்பூசணங்களும் பாக்டீரியாவும் சேருகின்றன. மரச்சத்தையும் நார்ச்சத்தையும் அவை கரைத்துத் தம் உடம்பாக்கிக்கொள்வதால், மக்க மக்க அவ்விலையில் தழைச்சத்தின் பங்கு ஏறுகிறது. அமெரிக்காவின் புளோரிடா கண்டல் காடுகளில் 1960களின் பிற்பகுதியில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இறாலும் மீன்குஞ்சும் தின்பது இலையையன்று, பூசணம் ஏறிய இலையையே என்று சொல்லவேண்டும். ஆகவே புன்னைக்காயல் ஓடையில் வலைபோடுவோருடைய படியளப்பில் இக்கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கும் பங்குண்டு. விறகுக்குத்தான் ஆகும் என்ற அதிகாரி ஓடைக்கரை மீனவர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

கண்டல் வேர்களுக்குள்ளும் தேரி முந்திரியில் கண்டது போன்ற உட்பூசணம் உண்டா என்பது நெடுநாள் வழக்கு. நம் மாகாணத்திலேயே பிச்சாவரத்துக் கண்டல்களை ஆராய்ந்த மோகன்குமாரும் மகாதேவனும் இல்லையென்று 1986இல் அறிவித்தார்கள். அதற்கு முன்பு ஹவாய்த் தீவிலும் அவ்வாறே சொன்னார்கள். பிறகு 2002இல் கங்கை முகத்துவாரத்தில் சென்குப்தாவும் சௌதுரியும் தேடியபோது பல கண்டல் இனங்களில் உண்டென்று கண்டார்கள். 2008இல் வெளியான சுந்தரவனத்து ஆராய்ச்சி இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள முரண்பாட்டைப் பெரும்பாலும் தெளிவாக்குகிறது: அலை அடிக்கடி ஏறும் தாழ்ந்த சேற்றில் வேர்ப் பூசணம் அரிது, கரைப்பக்கமாய் மேடேற ஏறப் பெருகுகிறது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தேங்கிய நீரில் நிற்கும் நெல்லின் வேரிலும் இப்பூசணம் குறைவே. மேட்டு நிலத்தில் விதைத்த அதே நெல்லில் மிகுதி. காற்று இல்லாமை ஒரு காரணம். மற்றொன்று, சேற்றில் இரும்புத் துரு கரைந்து தன் பிடியிலிருந்த மணிச்சத்தைத் தானே விட்டுவிடுவதால் செடிக்கு இடையாளின் உதவி அவ்வளவு தேவைப்படாமற்போவது. மெக்ஸிகோவில் 2000ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியில் கண்டல் வேரோரத்திலிருந்து மணிச்சத்தைக் கரைக்கும் பல பாக்டீரியாக்களும் ஒரு பூசணமும் எடுக்கப்பட்டன. ஆக, சேற்றில் வேலை வேறு ஆட்களால் நடக்கிறது.

ஆகையால் கண்டல் நடவு செய்யும் பஞ்சாயத்தாருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் நான் சொல்லக்கூடியது இது. தாழ்ந்த சேற்றில் நடும் கன்றுக்கு உட்பூசணப் பை வாங்கிப் போடுவது பணத்தை ஓடையில் விடுவதேயாகும். அங்கே முதல் வேலை அலை நீரை உள்ளே கொண்டுவந்து வெளியே விடுவது. பிச்சாவரத்தில் வெட்டிச் சாய்த்த காட்டின் நடுப்பகுதி பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பேறி மொட்டையாய்ப் போயிருந்ததை, வனத்துறையினரும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் 1990களில் மீன்முள் வடிவமாய் வாய்க்கால் வெட்டி மீட்டார்கள். நீரோட்டம் வந்தபின் மண்ணுயிர்கள் தாமே வந்து சேரும். கரைப்பக்கத்து மேட்டில் நடுவதானால் மட்டும் பழைய கண்டல் அடிமண்ணைச் சிறிது நாற்றங்கால் மண்ணோடு கலப்பது நல்லது. தென் சீனத்தில் கண்டல் நாற்றுக்களுக்கு உட்பூசணம் சேர்த்துப் பார்த்ததில் அவை அதிகமாய் வளர்ந்ததாக 2010இல் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அது நாற்றங்கால் அனுபவம். அலையடிக்கும் கரையின் அனுபவமாகாது.

சட்ட விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடங்கலில் தரிசு என்றோ புறம்போக்கு என்றோ எழுதியிருப்பதனால் கண்டல் காடு வெட்டத்தக்க நிலம் ஆகிவிடாது. கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பின்படி அது முதல் வகுப்பில் சேர்ந்தது. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டல் துண்டானால் அதைச் சுற்றி 50 மீட்டர் அகலமும் விட்டுவைக்கவேண்டியதென்று 2011, 2019 வருஷத்து அறிவிப்புக்கள் இரண்டும் கூறுகின்றன. பக்கத்து உப்பளக்காரர் வரப்பைத் தள்ளிப் போட அனுமதி கேட்டு வந்தால் கிராம நிர்வாக அலுவலர் முதலில் பார்க்கவேண்டியது அடங்கலையன்று, நிலத்தையே.

மறுபடியும் மேட்டு நிலத்துக்கு வருவோம். நம்மவர்களுக்குப் பயன் அங்கேதான் அதிகம். வேர் உட்பூசணம் உயிருள்ள வேரின்மேலன்றி வளராது. மற்ற உயிர் உரங்களைப்போல் பீப்பாயில் காய்ச்சிப் பெருக்க முடியாதாகையால், மக்காச்சோளம் முதலிய பயிரின் வேரில் வளர்த்து, வேரையும் மண்ணையும் வெர்மிகுலைட்டையும் சேர்த்தே பையில் அடைத்துக் கொடுக்கிறார்கள். கடைகளில் இதனை ‘வேம்’ என்பர். விவசாயப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் அளவு: நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், பையில் வளர்க்கும் கன்றுக்கு 5 முதல் 10 கிராம், குழியில் நடும்போது கன்றுக்கு 20 கிராம், வளர்ந்த மரத்துக்கு 200 கிராம். மேலே தூவுவதில் பயனில்லை. வேர் அதன் வழியாய்ப் போகவேண்டும். வெயிலில் கிடந்த பையையும் காலாவதி தேதி இல்லாத பையையும் வாங்கக்கூடாது. எனக்கு ஒருமுறை விற்கப்பட்ட பையில் சலித்த சுண்ணாம்புப் பொடியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. நுண்ணோக்கி கையிலிருந்தபடியால் தெரிந்தது. இல்லாவிட்டால் அதையும் நானே பத்துப் பேருக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

பை வாங்க வசதியில்லாதார் அந்த அம்மாளின் முறையைப் பின்பற்றலாம். நோயில்லாத, பல வருஷம் கலப்பை படாத மரத்தடியில், மேல் சருகை ஒதுக்கி, ஒரு சாண் ஆழம் வரையில் மெல்லிய வேர்களோடு மண்ணை எடுத்து, நாற்றங்கால் மண்ணில் பத்துக்கு ஒரு பங்கு கலந்தால் போதும். வாடல் நோயோ வேரழுகலோ நூற்புழுவோ கண்ட தோட்டத்து மண்ணை எந்தக் காரணத்தாலும் எடுக்கலாகாது. நல்ல பூசணத்தோடு கெட்டதும் வந்து சேரும். இந்த அபாயம் மெய்யானதே. நான் பார்மலின் சொன்னதும் அதற்காகத்தான். ஆகவே தாய்மரத்தைப் பார்த்துத் தெரிந்தெடுப்பதில் முழுக் கவனம் வேண்டும்.

குடியேறிய பூசணத்தைக் காப்பாற்றுவதற்குச் செலவொன்றும் இல்லை. சிலவற்றைச் செய்யாதிருந்தால் போதும். வருஷந்தோறும் ஆழ உழுவது இழை வலையை அறுத்துவிடுகிறது. தேரி ஓரத்தில் அது மணலையும் கிளப்பிவிடும். நிலத்தை வெயிலில் வெறுமையாய்ப் போட்டுவைப்பதைவிட உளுந்தோ தட்டைப்பயறோ தெளித்துவைப்பது நன்று. கார்பெண்டசிம் போன்ற மருந்தை வேரில் ஊற்றுவது நோய் உறுதியாய்த் தெரிந்தபோது மட்டுமே தக்கது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஊற்றுவது கூடாது. மணிச்சத்தைப் பொறுத்தவரையில் மண்பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் ஒரு கைப்பிடியும் வேண்டாம். நாற்றங்காலில் அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

மணல் அடங்குவதிலும் இவ்விழைகளுக்குப் பங்குண்டு. மணல்மேடுகளில் வளரும் புல் பூண்டுகளின் வேர்களிலிருந்து கிளம்பும் பூசண இழைகள் மணற் பரல்களைச் சேர்த்துச் சிறு கட்டிகளாக்குகின்றன. 1996இல் அமெரிக்க விவசாய இலாகாவின் சாரா ரைட் என்ற அம்மையார் இவ்விழைகளோடு சம்பந்தப்பட்ட பிசின்போன்ற பொருளொன்றை மண்ணிலிருந்து பிரித்து எடுத்தார். அப்பொருள் எதனாலானது என்பதில் சர்ச்சை தீரவில்லை. இழைகள் மணலைக் கட்டுவதில் சர்ச்சையில்லை. உடைமரத்தடியில் காலால் உதைத்தால் மண் பொருக்காய் உடைவதையும், பத்தடி தள்ளி உதைத்தால் சிதறுவதையும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாப் பெருமையும் பூசணத்துக்கே என்று சொல்லவில்லை; சருகும் வேரும் சேர்ந்தே அந்த வேலை நடக்கிறது. ஆனால் விறகுக்காக உடைமரத்தைத் தூரோடு தோண்டியெடுக்கும் வழக்கம் இவ்வூர்ப் பக்கத்தில் நிற்கவேண்டும். கிளையை வெட்டிக்கொண்டு தூரை விடலாம்.

மேற்சொன்ன நிலக்காரர் அடுத்த ஐப்பசியில் மறுபடி நட்டார். இம்முறை நாற்றங்கால் பொறுப்பை மதினியிடம் விட்டார். என் பங்கு, தாய்மரங்களில் நோயிருக்கிறதா என்று பார்த்துச் சொன்னதும், கன்றுகளை முழங்காலுயரப் பனையோலைத் தட்டியால் மேல்காற்றுக்கு மறைக்கச் சொன்னதும் மட்டுமே. தட்டியை மறந்துவிடாதீர்கள், முதல் ஆடியில் எந்தப் பூசணமும் காற்றை நிறுத்தாது. இரண்டு ஆடி கடந்து கன்றுகள் நிற்கின்றன. வடகோடியில் ஒரு சில ஆட்டுக்குப் போயின.

தங்கள் தோட்டத்து வேரில் பூசணம் இருக்கிறதா என்று பார்க்க விரும்புவோர், பென்சில் பருமனுள்ள வேரை வெட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. நூல்போன்ற கடைசி வேர்களே வேண்டும். மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில், மரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் மண்ணோடு பெயர்த்து, கழுவாமல், ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே கொண்டுவரவேண்டும். உலர்ந்துபோன வேரில் மை ஏறாது.